நோபல் பரிசு வாங்கிய பவுடர் கிணற்று ஆர்சனிக்கைப் பிடிக்குமா?

கோமூ சாலை எழுதியது:

வணக்கம். பர்மாவில் துவாந்தேக்குத் தெற்கே, கோமூ போகிற சாலையை ஒட்டி எங்கள் கிராமம். கேள்வி தண்ணீரைப் பற்றியது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2008இல் நர்கிஸ் அடிக்கிற வரைக்கும் நாங்கள் ஊர்க் குளத்துத் தண்ணீர்தான் குடித்தோம். புயலில் உப்புத் தண்ணீர் ஏறிக் குளம் கெட்டுப் போனது. மறு வருஷம் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் சேர்ந்து வாசலில் 130 அடிக்குக் குழாய் இறக்கி அடிபம்பு போட்டார்கள். அன்றைக்கு என் மாமியார் பம்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முதல் குடத்தை மாரியம்மன் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து குடிக்க, சோறு பொங்க, எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். அடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். குடத்தில் பிடித்து வைத்தால் காலையில் அடியில் செம்மண் போலப் படிந்திருக்கும்.

இப்போது மாமியாருக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பயறு பயறாகக் காய்த்துப் போயிருக்கிறது. நாற்று நட்ட கைதானே என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ரங்கூனில் ஒரு தோல் டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் குழாய்க் கிணறா?" என்பதுதான். ஊருக்கு வந்து ஒரு சோதனைப் பெட்டியை வைத்துக் கிணற்றைச் சோதித்தோம். காகிதப் பட்டை பழுப்பாகிவிட்டது. அட்டையில் இருக்கிற நிறத்தோடு வைத்துப் பார்த்தால் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஆர்சனிக் என்கிற விஷம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 10.

அன்றிலிருந்து குடிக்க மட்டும் 20 லிட்டர் பாட்டில் வாங்குகிறோம். சோற்றுக்கும் குழம்புக்கும் இன்னும் கிணற்றுத் தண்ணீர்தான், கொதிக்க வைத்துவிடுகிறோமே என்று.

போன வாரம் ரங்கூனிலிருந்து ஒருவர் வந்தார். கையளவு நீளத்தில் ஒரு குழல், உள்ளே வெள்ளையாக ஏதோ நிரப்பியிருக்கிறது. "போன வருஷம் நோபல் பரிசு வாங்கிய பொருள் இது. மூன்று கிராம் போட்டால் ஒரு குடும்பத்துக்கு ஒரு வருஷம் ஆர்சனிக் வராது" என்கிறார். விலை எங்கள் வீட்டுக்கு இரண்டு மாசச் செலவு. பத்தாவது படிக்கிற மகன் போனில் தேடிப் பார்த்துவிட்டு நோபல் சேதி உண்மைதான் அம்மா என்கிறான். அதே பொருளில் கேஸை அடைத்து ஜெனரேட்டர் ஓட்டலாம் என்றும் எங்கேயோ படித்திருக்கிறான். கரண்ட் இல்லாத ராத்திரிகளில் அதே பேச்சுத்தான்.

வாங்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாமியார் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்கவில்லை.


தாகேத்தா டாக்சி எழுதியது:

தங்கச்சி, பவுடரைப் பற்றி எனக்குத் தெரியாது. இங்கே மோல்மேன் சயா, அதாவது மோல்மேன் வாத்தியார், ஒருவர் வருவார், அவர் அந்த வேலையே செய்தவர், அவர் சொல்கிற வரைக்கும் காசைக் கொடுத்துவிடாதீர்கள். விற்க வந்தவருக்கு அவசரம் இருக்கும், உங்களுக்கு இல்லை.

கேஸ் விஷயம் எனக்கும் வேண்டும் சயா. 2006இல் என் வண்டியை இயற்கை வாயுவுக்கு மாற்றினேன். டிக்கியில் பாதியை சிலிண்டர் அடைத்துக்கொள்ளும். கேஸ் போட ராத்திரி வரிசையில் நின்று, வண்டிக்குள்ளேயே தூங்கி, விடியும்போது நாலு கார் முன்னால் நகர்ந்திருப்பேன். அழுத்தம் குறைந்த நாளில் அரை சிலிண்டர்கூட ஏறாது. குறைந்த அழுத்தத்திலேயே நிறைய கேஸ் பிடிக்கிற பொருள் ஒன்று இருக்கிறது என்று பையன் சொல்வது நிஜம்தானா?


மோல்மேன் டியூஷன் எழுதியது:

அக்கா, முதலில் ஒன்று. இன்றைக்கு ராத்திரிச் சோற்றிலிருந்தே கிணற்றுத் தண்ணீரை நிறுத்துங்கள். கொதித்தால் கிருமி சாகும், ஆர்சனிக் போகாது. தண்ணீர் ஆவியாகப் போய் ஆர்சனிக் அப்படியே தங்குவதால், கொதிக்கக் கொதிக்க அதன் அளவு கூடத்தான் செய்யும். அரிசி அந்தத் தண்ணீரை உறிஞ்சி வேகிறது, அதோடு சேர்த்து அதையும் உறிஞ்சும். குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவ அதே தண்ணீரைப் பயன்படுத்தலாம், தோல் வழியாக அது உள்ளே போவது மிகக் குறைவு. அம்மாவை அதே டாக்டரிடம் விடாமல் காட்டுங்கள். வீட்டில் மற்றவர்களின் கைகளையும் அவர் பார்க்கட்டும்.

இனி பவுடர். நான் சிங்கப்பூரில் ஆறு வருஷம் ஒரு ஆய்வுக்கூடத்தில் இந்தப் பொருள்களைச் செய்திருக்கிறேன். அப்பாவுக்கு முடியாமல் போனதால் மோல்மேனுக்குத் திரும்பி வந்து டியூஷன் எடுக்கிறேன். இதைப் பற்றிக் கேட்க ஒருவர் கிடைத்தால் எனக்கு நேரம் போவது தெரியாது.

உங்கள் மகன் சொன்னது சரி. 2025 அக்டோபரில் வேதியியல் நோபல் மூன்று பேருக்குக் கிடைத்தது: கியோத்தோவின் சுசுமு கிடகாவா, மெல்பர்னின் ரிச்சர்ட் ராப்சன், பெர்க்லியின் ஒமர் யாகி. பொருளின் பெயர் உலோக-கரிமக் கட்டமைப்பு. பெயர்தான் பெரிது. பந்தல் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மூங்கில்கள் சேருகிற இடத்தில் கட்டு இருக்கும், கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே மூங்கில் ஓடும், மற்றதெல்லாம் வெற்றிடம். இங்கே கட்டு ஒரு உலோகக் கொத்து, மூங்கில் ஒரு கரிம மூலக்கூறு. நடுவே இருக்கிற அறைகள் ஒரு நானோமீட்டரை ஒட்டிய அளவு, அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு.

ராப்சனுக்கு இது 1974இல் மரப்பந்துகளில் ஓட்டை போடும்போது தோன்றியது. மாணவர்களுக்கு அணு மாதிரி செய்ய எந்தப் பந்தில் எந்தக் கோணத்தில் ஓட்டை வேண்டும் என்று குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓட்டை சரியான இடத்தில் இருந்தால் குச்சிகள் தாமாகவே சரியான வடிவத்துக்கு வந்துவிடுகின்றன, நிஜ அணுவும் இப்படி வராதா என்று யோசித்தார். 1989இல் செம்பு அயனியையும் நாலு கை உள்ள ஒரு மூலக்கூறையும் சேர்த்து, வைரத்தின் அமைப்பில் ஆனால் உள்ளே காலியாக ஒரு படிகம் செய்தார். அது எளிதில் உடைந்துவிடும். 1997இல் கிடகாவா வாயு உள்ளே போய் வரக்கூடிய, அப்படிப் போய் வந்தாலும் இடிந்துவிடாத கட்டமைப்பைக் காட்டினார். 1999இல் யாகியின் மாஃப்-5 வந்தது. துத்தநாகம்தான் அதன் கட்டு. மூங்கில் டெரப்தாலிக் அமிலம், கடையில் விற்கிற சின்னத் தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக்கில் இருக்கிற அதே அமிலம். அதில் இரண்டு மூன்று கிராமுக்குள் இருக்கிற சுவர்ப் பரப்பை விரித்தால் ஒரு கால்பந்து மைதானம் மூடும்.

யாகி 1965இல் ஜோர்டானின் அம்மானில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரே அறையில் பெரிய குடும்பம், கூடவே மாடுகள். குழாயில் எப்போதாவது சில மணி நேரம் மட்டும் தண்ணீர் வரும். அவருடைய குழு பின்னாளில் பாலைவனக் காற்றிலிருந்து குடிநீர் பிடிக்கிற கட்டமைப்பைச் செய்தது. இதை வாசித்த அன்று நான் அப்பாவின் கட்டில் பக்கம் உட்கார்ந்து வெகு நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, உங்கள் குழலுக்கு வருகிறேன்.

ஆர்சனிக்கைப் பிடிக்கிற கட்டமைப்பு உண்டா என்றால், உண்டு. யூஐஓ-66 என்று ஒன்று, ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் 2008இல் செய்தது. சிர்கோனியம் கட்டு, அதே பாட்டில் அமிலம் மூங்கில். வெள்ளை. தண்ணீரில் கரையாமல் நிற்கிற சிலவற்றில் ஒன்று. ஆர்சனிக் அதன் சிர்கோனியக் கொத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். 2015இல் வந்த ஓர் ஆய்வில் ஒரு கிராம் 303 மில்லிகிராம் பிடித்தது. அந்த "மூன்று கிராம்" எங்கிருந்து வந்தது என்று இப்போது பாருங்கள். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 25 லிட்டர். லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்றால் நாளைக்கு இரண்டரை மில்லிகிராம். வருஷத்துக்கு 900 மில்லிகிராம் சொச்சம். 303ஆல் வகுத்தால் மூன்று கிராம். கணக்குப் போட்டவர் வகுத்தலில் தப்புச் செய்யவில்லை.

ஆனால் அந்த 303 எந்தத் தண்ணீரில் வந்தது? பிஎச் 2இல். அது எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு. உங்கள் கிணறு 7ஐ ஒட்டி இருக்கும். மேலும் அந்த மாதிரி உச்சக் கணக்கு, தண்ணீரில் ஆர்சனிக்கை ஏராளமாகக் கரைத்து, பொருள் இனிமேல் முடியாது என்கிற அளவுக்கு ஊட்டி எடுப்பது. 100ஐ 10ஆகக் குறைக்க வேண்டிய இடத்தில் அதே கிராம் அதில் சிறு பங்கைத்தான் பிடிக்கும். கிணற்றில் ஆர்சனிக் தனியாகவும் இல்லை. பாஸ்பேட்டுக்கும் ஆர்சனிக்குக்கும் உடம்புவாகு ஒன்றுதான், அதே இடத்துக்கு இரண்டும் போட்டி போடும், ஐராவதி டெல்டா மாதிரியான வண்டல் மண்ணில் பாஸ்பேட் இருக்கும். அப்புறம் இன்னொன்று: ஆழத்தில் காற்றுப் படாமல் கிடக்கிற தண்ணீரில் ஆர்சனிக் பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாத வடிவத்தில் இருக்கும். அது பெரும்பாலான பொருள்களில் லேசில் ஒட்டாது. முதலில் காற்றுப் பட்டு அது மாற வேண்டும்.

இதையெல்லாம் தாண்டி, எனக்கு உண்மையில் பயமாக இருப்பது செய்முறை. நாங்கள் யூஐஓ-66ஐ டைமெத்தில் ஃபார்மமைடு என்கிற கரைப்பானில் 120 டிகிரியில் ஒரு நாள் முழுக்கச் சூடாக்கிச் செய்வோம். அந்தக் கரைப்பான் ஈரலைக் கெடுக்கும். பிறகு மூன்று நாள் கழுவுவோம், மாற்றிக் கழுவுவோம், சூட்டில் உலர்த்துவோம். கழுவல் குறைந்த பவுடரை மூக்கருகே கொண்டுபோனாலே மீன் நாற்றம் அடிக்கும். சரியாகக் கழுவாத பொருள் வழியே உங்கள் மாமியார் குடிக்கிற தண்ணீர் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உலோகத்தையும் கேட்க வேண்டும். செம்பில் செய்த எச்கேயூஎஸ்டி-1 நீல நிறம். அதை உலர்த்தினால் கருநீலம் ஊதாவாக மாறும், மூடியைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கண் முன்னாலேயே வெளிறும். அந்த நிற மாற்றத்தைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதை நாள்கணக்கில் தண்ணீரில் விட்டால் உடையும், செம்பு தண்ணீரில் இறங்கும். மாஃப்-5 நம் ஊர் மழைக்காலக் காற்றிலேயே நிற்காது, பளிங்காக இருந்த படிகம் சுண்ணாம்பு போல் ஆகிவிடும். குரோமியத்தில் செய்தது பச்சை. இரும்பில் செய்தது செங்கல் நிறத்தை ஒட்டி இருக்கும். வெள்ளை என்றால் பெரும்பாலும் சிர்கோனியம், துத்தநாகம், அலுமினியம் மூன்றில் ஒன்று. அல்லது இந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேறு ஒன்று.

எனவே அவரிடம் இதைக் கேளுங்கள்: என்ன உலோகம், பவுடரா குருணையா, நம் கிணறு மாதிரியான தண்ணீரில் எத்தனை லிட்டர் ஓட்டிப் பார்த்தார்கள், நிரம்பிப் போன பவுடரை யார் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். பதிலை இங்கே எழுதுங்கள்.

அண்ணே, கேஸைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். இங்கே கரண்ட் போகிற நேரம்.


கோமூ சாலை எழுதியது:

சயா, அன்று ராத்திரியே சோற்றுக்கும் பாட்டில் தண்ணீருக்கு மாறிவிட்டோம். மகன் நீங்கள் எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டினான். மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ நான் கோயிலுக்குக் கொண்டுபோனதும் அதே தண்ணீர்தானே" என்று ஒரே வார்த்தை சொன்னார். அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

விற்க வந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். உலோகம் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. உறையில் "நானோ" என்று மட்டும் இருக்கிறது. உள்ளே பவுடர் இல்லை, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை உருண்டைகள். எங்கள் முன்னாலேயே ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரை விட்டுக் காட்டினார். சோதித்தால் பட்டை லேசான மஞ்சளாகத்தான் மாறியது, 10ஐ ஒட்டி. ஒரு மாசம் வைத்துப் பார்த்துவிட்டுக் காசு தருகிறோம் என்றோம். முடியாது என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் தப்புச் செய்துவிட்டோமா? வேலை செய்ததே?

வீட்டில் நர்கிஸுக்கு அப்புறம் வாங்கிய களிமண் ஃபில்டர்ச் சட்டி ஒன்று இருக்கிறது, உமி கலந்து சுட்டது. அது இதைப் பிடிக்குமா?


மோல்மேன் டியூஷன் எழுதியது:

தப்பு இல்லை அக்கா. முதல் வாளி எந்த உறிஞ்சு பொருளிலும் நன்றாகத்தான் வரும். எல்லா இடமும் காலியாக இருக்கிற பஸ்ஸில் முதல் ஆளுக்கு இடம் கிடைப்பது மாதிரி. கேட்க வேண்டியது நூறாவது வாளியைப் பற்றி. அதற்குத்தான் நீங்கள் ஒரு மாசம் கேட்டீர்கள், அதற்குத்தான் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

உருண்டை என்றதும் எனக்குத் தோன்றுவது கிளர்வூட்டிய அலுமினா. அது நோபல் பொருள் இல்லை, பல பத்து வருஷமாகத் தண்ணீரில் ஆர்சனிக்குக்கும் ஃப்ளோரைடுக்கும் பயன்படுகிறது. பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனால் அதுவாக இருந்தால் அது நல்ல பொருள்தான், அதன் நிஜப் பெயரிலும் நிஜ விலையிலும் விற்கலாம். ஒன்று மட்டும், அதுவும் கொஞ்சம் புளிப்பான தண்ணீரில்தான் நன்றாகப் பிடிக்கும், நம் தண்ணீரில் சீக்கிரம் நிரம்பிவிடும்.

களிமண் சட்டியைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. உமி எரிந்த இடமெல்லாம் துளையாகிறது, அந்தத் துளையில் கிருமி சிக்குகிறது. ஆர்சனிக் அப்படிச் சிக்காது, அது உப்பு மாதிரி கரைந்து கிடக்கிறது, துளை அதற்குத் திறந்த கதவு. கரைந்ததைப் பிடிக்கத் துளை போதாது, சுவரில் ஒட்டுகிற இடம் வேண்டும். உலோக-கரிமக் கட்டமைப்பில் எனக்குப் பிடித்ததே இதுதான்: துளையின் அளவையும் சுவரில் என்ன ஒட்ட வேண்டும் என்பதையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். மூங்கிலை மாற்றினால் அறை பெரிதாகும், கட்டை மாற்றினால் ஒட்டுவது மாறும். இதுவரைக்கும் பல்லாயிரம் வகை செய்துவிட்டார்கள். ஒருநாள் இதில் ஒன்று கிராமத்துக் குழாய்க்கு வரும் என்று நான் நம்புகிறேன். ஆனால் உங்கள் வீட்டில் இன்று சோறு பொங்க வேண்டும்.

இன்று செய்ய வேண்டியது, என் கணக்கில் இதுதான். அக்கம்பக்கத்துக் கிணறுகளை எல்லாம் சோதியுங்கள். ஆர்சனிக் ஊர் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. ஒரு வீட்டில் 100 இருக்கும், அடுத்த தெருவில் பட்டை நிறமே மாறாது, மண்ணடுக்கு அப்படி. பங்களாதேஷில் லட்சக்கணக்கான கிணறுகளைச் சோதித்துச் சிவப்பு, பச்சை அடித்தார்கள், பச்சைப் பம்புக்கு மாறியதுதான் அங்கே நிறையப் பேரைக் காப்பாற்றியது. சோதனைப் பெட்டியில் அமிலமும் துத்தநாகப் பொடியும் சேரும்போது வருகிற வாயு விஷம், திறந்தவெளியில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள், மகனைக் குனிந்து மோந்து பார்க்க விடாதீர்கள்.

மழை வந்தால் உங்கள் கூரைதான் பெரிய கிணறு. 20 அடிக்கு 15 அடித் தகரம் என்றால் 28 சதுர மீட்டர். நம் பக்கம் வருஷத்துக்கு இரண்டரை மீட்டர் மழை சாதாரணம். 70,000 லிட்டர் விழும். மழை இல்லாத ஆறு மாசத்துக்கு உங்களுக்கு வேண்டியது 4,500 லிட்டர். பிடித்து வைக்கத்தான் இடம் வேண்டும், மண்பாண்டத்துக்குப் பேர்போன துவாந்தேயில் இருந்துகொண்டு மொடாவுக்குப் பஞ்சமா! ஒரு வீட்டுக்கு அத்தனை மொடா கஷ்டம் என்றால், கோயில் கமிட்டியில் பேசி ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டலாம், கோயில் கூரை இன்னும் பெரிது.

அண்ணே, உங்கள் கேஸ். பையன் சொன்னது நிஜம். நான் சொன்ன நீலப் பவுடர் இருக்கிறதே, 2013இல் அளந்து பார்த்தார்கள். 65 பாரில், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றைப் போல 65 மடங்கு அழுத்தத்தில், ஒரு லிட்டர் படிகத்துக்குள் 267 லிட்டர் மீத்தேன் அடங்குகிறது. வெறும் சிலிண்டரில் அதே அளவை அடைக்க 250 பார் வேண்டும். அழுத்தம் நாலில் ஒரு பங்கு. கம்ப்ரஸரும் சிறிதாகலாம், சிலிண்டர் சுவரும் மெலிதாகலாம். சிக்கல், அது படிகத்துக்கான கணக்கு. பவுடரைக் கொட்டினால் துகளுக்கும் துகளுக்கும் நடுவே இடம் வீணாகிறது, அழுத்தி இறுக்கினால் அறைகள் நொறுங்குகின்றன. 2018இல் கேம்பிரிட்ஜில் அதைப் பவுடராக இல்லாமல் ஒரே கட்டியாக உலர்த்தி எடுத்து 259 வரைக்கும் கொண்டுவந்தார்கள். மிகப் பெரிய வேலை அது. அப்புறமும் ஒன்று பாக்கி: எஞ்சினுக்கு 5 பாராவது வேண்டும், அந்த 5 பாரில் கால் பங்குக்கு மேல் கேஸ் சுவரை விட்டு வராமல் உள்ளேயே இருக்கும். நிரப்பும்போது சூடும் ஆகும்.

ஹைட்ரஜன் இதைவிடக் கஷ்டம். அது சுவரில் நிற்கவே மாட்டேன் என்கிறது, நிறையப் பிடிக்க மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர வைக்க வேண்டும். இப்போது ஓடுகிற ஹைட்ரஜன் கார்கள் 700 பாரில் அடைத்துத்தான் போகின்றன. மகனிடம் சொல்லுங்கள் அக்கா, அறை வெப்பத்தில் ஹைட்ரஜனைப் பிடித்து வைக்கிற சுவர் எப்படி இருக்க வேண்டும் என்பது இன்னும் திறந்திருக்கிற கேள்வி. அவன் வயசில் இருக்கிற ஒருவருக்கு அது நல்ல கேள்வி.


தாகேத்தா டாக்சி எழுதியது:

சயா, கால் பங்கு உள்ளேயே நிற்பதைச் சொன்னீர்களே, அது எனக்கு நன்றாகப் புரிந்தது. வெறும் சிலிண்டரிலும் கடைசிக் கொஞ்சம் எஞ்சினுக்கு வராது, முள் சிவப்பில் இருக்கும்போதே வண்டி இழுக்காது. சிரியம் பாலத்தின் மேல் அப்படி நின்றிருக்கிறேன்.

மச்சான் வீட்டில் மாட்டுச் சாணக் கேஸ் இருக்கிறது. அதை இதில் அடைக்க முடியுமா?


மோல்மேன் டியூஷன் எழுதியது:

அண்ணே, சாணக் கேஸில் பாதிக்கு மேல் மீத்தேன், மற்றது பெரும்பாலும் கரியமில வாயு, கூடவே கொஞ்சம் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு. அந்தக் கொஞ்சமே செம்புக் கட்டமைப்பைக் கெடுத்துவிடும். முதலில் அதைத் துருப்பிடித்த இரும்புச் சீவல் வழியாக விட்டு எடுக்க வேண்டும், மச்சான் அதை இப்போதே செய்யலாம், அடுப்பும் அரிக்காது. கரியமில வாயுவைப் பிரிக்க நல்ல கட்டமைப்புகள் இருக்கின்றன. கால்ஃப்-20 என்று கனடாவில் செய்த துத்தநாகப் பொருள் ஈரமான புகையிலும் தாங்குகிறது, சிமெண்டு ஆலைப் புகையிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். வீட்டு அளவுக்கு இன்னும் வரவில்லை. அடுப்புக்கே எரியுங்கள், அடைக்க வேண்டாம்.


கோமூ சாலை எழுதியது:

சயா, பதினொரு கிணறு பார்த்தோம். மகனும் அவன் சிநேகிதன்களும் ஒரு நோட்டில் வீட்டுக்கு வீடு ஆழமும் நிறமும் எழுதினார்கள். நாலு கிணறு எங்களுடையதைப் போல. இரண்டு அதைவிட மோசம். மூன்று இடைப்பட்டவை. இரண்டில் பட்டை நிறம் மாறவே இல்லை. அதில் ஒன்று எங்கள் வீட்டிலிருந்து எட்டு நிமிஷ நடை, ஒரு பர்மிய அம்மா வீடு, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். காலையும் மாலையும் இரண்டு குடம் சுமக்கிறோம். எங்கள் பம்பின் கைப்பிடிக்குச் சிவப்பு அடித்தாயிற்று. மாமியாரே நின்று அடிக்கச் சொன்னார்.

அந்த இரண்டு மோசமான வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு நடக்கவும் ஆள் இல்லை. பாட்டில் வாங்கவும் வசதி இல்லை. அவர்களுக்கு ஏதாவது ஃபில்டர் செய்து கொடுக்க முடியுமா? இரும்பில் செய்வது ஏதோ உண்டு என்று கேள்விப்பட்டோம்.


மோல்மேன் டியூஷன் எழுதியது:

பதினொன்றையும் எழுதி வைத்த நோட்டைப் பத்திரப்படுத்துங்கள் அக்கா. புதுக் குழாய் இறக்குகிறவர் யாராக இருந்தாலும் அதைப் பார்த்துவிட்டு இறக்கட்டும்.

இரும்பு ஃபில்டர் உண்டு. துரு ஆர்சனிக்கை நன்றாகப் பிடிக்கும், உங்கள் குடத்தடியில் படிகிற செம்மண்ணும் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் படிகிறது, ஆனால் அது மட்டும் போதாது. பங்களாதேஷில் அபுல் உசாம் என்கிற வேதியியலாளர் இரும்பும் மணலும் வைத்துச் செய்த சோனோ ஃபில்டருக்கு 2007இல் அமெரிக்காவில் பத்து லட்சம் டாலர் பரிசு கிடைத்தது, அதில் பெரும்பகுதியை அவர் ஃபில்டர் கொடுக்கவே செலவழித்தார். நேபாளத்தில் இன்னும் எளிதாகச் செய்தார்கள். மேலே ஒரு தட்டில் ஐந்து கிலோ இரும்பு ஆணி, அதன் மேல் செங்கல் சில்லு, கீழே மெல்லிய மணல், பருமணல், சரளை. தண்ணீர் உயரத்திலிருந்து மெல்ல விழ வேண்டும், காற்றுப் பட வேண்டும், நான் முன்னால் சொன்ன அந்த மின்னேற்றமில்லாத ஆர்சனிக் மாறுவதற்கு.

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: பாஸ்பேட் அதிகமுள்ள கிணற்றில் இந்த ஆணி ஃபில்டர் சில இடங்களில் சரியாக வேலை செய்யவில்லை. செய்துவிட்டோம் என்று விட்டுவிடக் கூடாது. முதல் வாரம் ஒரு சோதனை, பிறகு மாசாமாசம். 10க்கு வரவில்லை என்றால் அந்த வீட்டுக்கு யாராவது தண்ணீர் சுமந்து கொடுத்துத்தான் ஆக வேண்டும். பெட்டிக்கு வேண்டிய காகிதப் பட்டைகள் நான் மோல்மேனிலிருந்து பஸ்ஸில் அனுப்புகிறேன், ரங்கூனில் அண்ணன் வாங்கி உங்களிடம் சேர்ப்பார் என்று நினைக்கிறேன்.


தாகேத்தா டாக்சி எழுதியது:

சேர்க்கிறேன் சயா. பஸ் நம்பர் மட்டும் அனுப்புங்கள். துவாந்தேக்கு நானே வண்டியில் வருகிறேன் தங்கச்சி, வாளியும் ஆணியும் ரங்கூனில் விலை குறைவு, பட்டியல் கொடுங்கள்.


கோமூ சாலை எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணே. ஆணி இங்கேயே பத்து கிலோ வாங்கிவிட்டோம், இரண்டு வீட்டுக்கும். கடைக்காரர் பளபளவென்று கொடுத்திருக்கிறார். சயா, பளபளப்பாக இருக்கலாமா?


மோல்மேன் டியூஷன் எழுதியது:

இருக்கக் கூடாது. துத்தநாகம் பூசிய ஆணி துருப்பிடிக்காது, துரு இல்லாவிட்டால் ஆர்சனிக் ஒட்ட இடமில்லை. நாலு ஆணியை ஒரு கிண்ணத்தில் உப்புத் தண்ணீரில் பாதி முழுகுகிற மாதிரி ராத்திரி போட்டு வையுங்கள். காலையில் ஆரஞ்சு நிறத்தில் துரு வந்திருந்தால் வெறும் இரும்பு, எண்ணெய்ப் பசை போகக் கழுவிவிட்டுப் போடலாம். அப்படியே பளபளப்பாக இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கறுப்பு ஆணி கேளுங்கள்.